எந்த ஊர்ச் சரக்கு?

ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் நெடிய மதில்களும், இரவு பகல் என்று பாராமல் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையும் ஒரு பக்கம் இருக்க, கிராமத்தின் சாயல் இன்னும் குன்றாமல் நிற்கும், காஞ்சிபுரம் மாவட்டத்து வடக்குப்பட்டு என்னும் சிற்றூரில், 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டத்தார் அகழாய்வு நடத்தினார்கள். அடி மட்டத்தில் கற்கருவிகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், அவ்விடத்திலேயே மனிதர்கள் உட்கார்ந்து கருவிகளைச் செய்திருக்க வேண்டும் என்றும் அகழ்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். அதற்குப் பிற்பட்ட காலத்தனவாகக் கண்ணாடி மணிகளும், மிகச் சிறிய பொன் அணிகளும், அவற்றோடு ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் உடைந்த ஓடுகளும் வெளிப்பட்டன. காரும் கைப்பேசியும் செய்யும் பிரதேசம் என்று இன்று பிரசித்தி பெற்றிருக்கும் இந்த மண்ணுக்குக் கைத்தொழிலும் புதியதன்று. கடல் கடந்து வந்த சரக்கும் புதியதன்று.

அந்த ஓடுகளைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இருபுறமும் காது வைத்து அடி கூம்பிய ஆம்போரா என்னும் ஜாடி, மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மதுவையும் ஆலிவ் எண்ணெயையும் அடைத்துக் கப்பலேற்றுவதற்காக வனையப்பட்டது. அத்தகைய ஜாடியின் துண்டு ஒன்று கையில் கிடைத்தால், தேர்ந்த ஆராய்ச்சியாளர் அதன் மண்ணைக் கொண்டே பெரும்பாலும் பிறந்த இடத்தை ஊகித்துவிடுவார். வெசூவியஸ் எரிமலையைச் சார்ந்த இத்தாலியப் பகுதியில் வனைந்ததானால் களிமண்ணில் கரிய எரிமலைத் துகள்கள் கலந்திருக்கும். 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பெயரால் வழங்கும் செந்நிறத் தட்டுகளையும், அவற்றின் அடியில் குயவர்கள் பதித்திருந்த பெயர் முத்திரைகளையும் ஆதாரமாகக் கொண்டு அந்த இடத்தின் காலத்தை நிர்ணயித்தார். தென்னிந்தியத் தொல்பொருள்களின் கால வரிசைக்கே அது ஓர் ஊன்றுகோலாக அமைந்தது. செய்தவன் தன் பெயரைப் பொருளின் அடியில் பொறித்து அனுப்பிய சிறு வழக்கம், அவன் மாண்டு எத்தனையோ நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் சாட்சி சொல்ல வந்து நின்றது.

விற்பவன் இப்படிப் பொறித்து அனுப்புவது அங்கே வழக்கமென்றால், வாங்குகிறவன் பிறந்த இடத்தைக் கேட்டு வாங்குவது இங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்து கிடந்த செல்வத்தைச் சொல்லவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பொருள்களின் பெயரை மட்டும் அடுக்கிச் செல்லவில்லை. இது கடல் வழியே வந்தது, இது வடக்கு மலையில் விளைந்தது, இது மேற்கு மலையினது, இந்த முத்து தெற்குக் கடலினது, இந்தப் பவளம் கிழக்குக் கடலினது, இது கங்கைக் கரையது, இது ஈழத்திலிருந்து இறங்கியது என்று ஒவ்வொன்றையும் அதன் பிறப்பிடத்தோடு சேர்த்தே பாடியிருக்கிறார். ஏற்றுமதியாகும் மூட்டைகளின்மேல் சோழனுடைய புலி இலச்சினையைப் பொறித்த சுங்க அதிகாரிகளையும் அதே பாட்டில் காண்கிறோம். இந்தப் புலவரே நம் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடியவர் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். இன்றைக்கும் சேலத்து மாம்பழம், பண்ருட்டிப் பலா, திண்டுக்கல் பூட்டு, பத்தமடைப் பாய், உடன்குடிக் கருப்பட்டி என்று ஊரைச் சொல்லிப் பொருளைச் சொல்வதுதான் நமக்கு இயல்பாக வருகிறது.

சென்ற ஆண்டு வடக்குப்பட்டில் உறவினர் வீடு ஒன்றில் நான் தங்கியிருந்தபோது இந்த இயல்பு தடைப்பட்டு நின்றதைக் கண்டேன். அந்த வீட்டுப் பெண் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் கைப்பேசி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் திரும்புகிறவள், ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு திண்ணையில் உட்கார்ந்து, தாய்க்கு ஒரு குக்கர் வாங்குவதற்காகக் கைப்பேசியில் கடை பார்த்துக்கொண்டிருந்தாள். விலை மலிவு, படமும் பளபளப்பு, வாங்கியவர்களின் புகழுரைகளோ நூற்றுக்கணக்கு.

“ஏம்மா, இது எந்த ஊரு சரக்கு?” என்று தாய் கேட்டார்.

“கம்பெனி பேரு போட்டிருக்கும்மா.”

“பேர கேக்கலடி. எங்க செஞ்சதுன்னு கேக்கறேன். ரப்பரு போனா எங்க போயி வாங்கறது? நாளைக்கு வெடிச்சுச்சுன்னா யாரப் போயி கேக்கறது?”

பெண் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கொள்ளளவு, நிறம், கைப்பிடியின் தன்மை, தவணைத் திட்டம் எல்லாம் இருந்தன. அடியிலும் அடியில், செய்த நாடு எதுவென்று சொல்ல வேண்டிய இடத்தில், விவரங்களுக்குப் பெட்டியின் மேலுள்ள அச்சைப் பார்க்கவும் என்று ஒரு வாசகம் இருந்தது. வாங்கினால்தான் பெட்டி கைக்கு வரும்; பெட்டி வந்தால்தான் அச்சைப் படிக்க முடியும்; படித்துத் தீர்மானிக்க வேண்டியதோ வாங்குவதற்கு முன்னால். அந்தத் தாயார் எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் கேட்ட கேள்வியில் நியாயம் முழுவதும் இருந்தது. அந்தப் பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.

கடைவீதியில் சாமான் வாங்கும்போது நம்மையறியாமலே ஒரு காரியம் செய்கிறோம்: பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறோம். முன்பக்கம் வியாபாரியினுடையது, அங்கே அவன் தன் பொருளை எப்படி வேண்டுமானாலும் அலங்கரித்துக்கொள்ளலாம். பின்பக்கம் சட்டத்தினுடையது, எடை, விலை, செய்தவர் முகவரி, இறக்குமதிச் சரக்கானால் நாட்டின் பெயர் ஆகியவை அங்கே அச்சிடப்பட்டாக வேண்டும். இணைய வியாபாரம் வந்ததும் முன்பக்கம் மட்டும் நம் கைக்குள் பன்மடங்கு பெரிதாகி வந்தது. பின்பக்கம் எங்கோ ஒரு கிடங்கில் தங்கிவிட்டது. பிறப்பிடம் பற்றிய விவகாரம் முழுவதும் இந்த ஒரு நஷ்டத்திலிருந்து எழுந்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த நஷ்டத்தைச் சட்டம் கவனிக்காமல் இல்லை. சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011-இல் வகுக்கப்பட்ட பொட்டலப் பொருள்கள் விதிகளை மத்திய அரசு 2017-இல் திருத்தி, பெட்டியின்மேல் இருக்க வேண்டிய விவரங்களை, உற்பத்தியான மாதம், ஆண்டு நீங்கலாக, இணையக் கடையின் பக்கத்திலும் காட்டியாக வேண்டும் என்று விதித்தது. 2018 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. ஆயினும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் இந்திய வீரர்கள் உயிர் நீத்த செய்தி வந்த பிறகுதான், நம் வீட்டுக்குள் வரும் சாமான் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி தெருவெங்கும் எழுந்தது. அந்த மாதமே, அரசாங்க அலுவலகங்கள் கொள்முதல் செய்யும் ‘ஜெம்’ என்னும் இணையச் சந்தையில் விற்பவர்கள் நாட்டின் பெயரைக் குறித்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. ஜூலை 23-இல் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் பிறந்தன. இணையச் சந்தையில் கடை விரிக்கும் ஒவ்வொரு விற்பனையாளரும் பொருளின் பிறப்பு நாட்டைத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அக்டோபரில் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் நோட்டீஸ் போயிற்று. நவம்பரில் அமேசானுக்கு 25,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. முதல் குற்றத்துக்குச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பு அவ்வளவே. வடக்குப்பட்டில் ஒரு குடும்பத்துக்கு 25,000 ரூபாய் பெருந்தொகைதான். உலகளாவிய வியாபாரத்துக்கு அது ஒரு பொருட்டாகுமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

குக்கர் வெடித்தால் யாரைக் கேட்பது என்ற அச்சமும் வீண் அச்சமன்று. வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும், அந்தத் தரத்துக்கு உட்படாத 2,265 குக்கர்கள் அமேசான் தளத்தின் வழியே விற்கப்பட்டதாகக் கண்டு, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குத் தெரிவித்துப் பணத்தைத் திருப்பித் தரும்படி ஆணையிட்டது. அந்நிறுவனம் அதை எதிர்த்துத் தில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. நாங்கள் இடம் கொடுத்தவர்களே அன்றி விற்றவர்கள் அல்லர் என்பது இணையச் சந்தைகளின் நெடுநாள் வாதம். சந்தைக்காரருக்கும் விற்பனையாளருக்கும் நடுவில் பொறுப்பு இப்படிக் கைமாறிக்கொண்டிருக்கும்போது, செய்தவன் யார், இறக்குமதி செய்தவன் யார், எந்த நாட்டில் செய்தது என்ற மூன்றும் தெரிந்திருந்தால்தான் வாங்கியவர் எந்த வாசலில் போய் நிற்பது என்பது விளங்கும்.

பொய்யான பிறப்பிடத்துக்கு எதிரான சட்டம் நம் நாட்டுக்கும் உலகுக்கும் பழையது. ஷெஃபீல்டு கத்திகளுக்கு இருந்த நற்பெயரைப் பார்த்து, அந்நிய நாட்டுக் கத்திகளின்மேலும் அந்தப் பெயரைப் பொறித்து விற்கிறார்கள் என்ற புகார் முற்றியதால், 1887-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாணிபக் குறிகள் சட்டத்தை நிறைவேற்றிற்று. இரண்டே ஆண்டில், 1889-இல், அதையொத்த சட்டம் இந்தியாவுக்கும் வந்தது. ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற சொற்கள் ஜெர்மானியச் சாமான்களின்மேல் அவர்கள் விரும்பிப் பொறித்தவையல்ல; இங்கிலாந்தின் நிர்ப்பந்தத்தால் வந்தவை. சில ஆண்டுகளில் அந்தச் சொற்களே தரத்தின் அடையாளமாக மாறி, விலக்குவதற்காக இட்ட குறி விரும்பி வாங்குவதற்குக் காரணமாயிற்று. நம் நாட்டில் 1905-க்குப் பின் சுதேசி உணர்ச்சி பொங்கியபோதும், 1925-இல் அகில பாரத சர்க்கா சங்கம் ஏற்பட்டு, உண்மைக் கதருக்கும் போலிக் கதருக்கும் வித்தியாசம் காட்ட அத்தாட்சி வழங்கத் தொடங்கியபோதும், ஜனங்கள் பிறப்பிடத்தைக் கேட்டது தேசபக்தியால். திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தத் தாயார் கேட்டது ரப்பருக்காக. எந்தக் காரணத்துக்காகக் கேட்டாலும் பதில் பெறும் உரிமை ஒன்றே. அந்நிய நாட்டுப் பொருளை வெறுப்பதற்கென்றே இந்த விவரம் வேண்டப்படுகிறது என்று சிலர் கூறுவதை நான் ஏற்கவில்லை. உண்மை தெரிந்து அந்நியப் பொருளையே மனமார வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது வேண்டும்.

இனி, விவகாரத்தின் கடினமான பகுதிக்கு வருகிறேன். ஒரு பொருளின் பிறப்பிடம் எது? இதற்கு விடை எளிதென்று நினைப்பவர்கள் காஞ்சிபுரத்துத் தறி ஒன்றின் அருகில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே நெய்யும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருவது வெகுகாலத்து வழக்கம். ஆயினும் அது கர்நாடகப் புடவை என்றோ குஜராத்துப் புடவை என்றோ யாரும் சொல்வதில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் ஓட்டிக் கோர்வை போட்டு இணைக்கும் அந்த வித்தை காஞ்சியில் நடைபெறுகிறது. நூலாக வந்தது அங்கேதான் புடவையாகிறது. ஆகையால்தான் 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உலக வாணிபத்தில் வழங்கும் விதியின் சாரமும் இதுவே: பல நாடுகள் கை வைத்த பொருளுக்கு, அதன் தன்மையைக் கடைசியாக எந்த நாடு கணிசமாக மாற்றியதோ அந்த நாடே பிறப்பிடம். நம் உணவுப் பாதுகாப்பு விதிகளும், உணவின் அடிப்படைத் தன்மையை மாற்றும் பக்குவம் எந்த நாட்டில் நடக்கிறதோ அதையே பிறப்பு நாடாகக் கொள்ளச் சொல்லுகின்றன.

கேட்கும்போது தெளிவாக இருக்கும் இந்த விதி, பிரயோகத்தில் வழுக்குகிறது. பண்ருட்டியில் உடைத்து, வறுத்து, தோல் நீக்கும் முந்திரிக் கொட்டையில் ஒரு பங்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைந்தது. கொட்டை பருப்பானது தன்மை மாற்றமா, அல்லவா? வடக்குப்பட்டுக்கு அண்மையில் பெண்கள் பூட்டும் கைப்பேசியைப் பாருங்கள். அதன் உள்ளுறுப்புகளில் பல கடல் கடந்து வருகின்றன. நூற்றுக்கணக்கான உறுப்புகளும் இங்கே ஒன்றுகூடி, சோதனைகளைக் கடந்து, பேசும் கருவியாக எழுந்திருக்கின்றன. சுங்க அட்டவணையின்படி பார்த்தால், வெவ்வேறு தலைப்பில் வந்த உறுப்புகள் கைப்பேசி என்ற தலைப்புக்கு மாறிவிட்டபடியால் அது இந்தியப் பொருள். அரசாங்கக் கொள்முதல் விதியோ மதிப்பைக் கணக்கிடுகிறது: உள்நாட்டு மதிப்பு 50 சதவிகிதமாவது இருந்தால் முதல் வகுப்பு, 20-க்குக் குறையாமல் 50-க்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. ஆசியான் நாடுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பொது அளவு 35 சதவிகிதம். அத்துடன் சுங்கத் துணைத்தலைப்பும் மாற வேண்டும். ஒரே பொருள் ஒரு மேஜையில் சுதேசியாகவும் அடுத்த மேஜையில் அந்நியமாகவும் எழுதப்படக்கூடும்.

பொட்டல விதியின் வாசகத்தையே எடுத்துக்கொள்வோம். இறக்குமதிப் பொருளின்மேல், பிறந்த நாடு, அல்லது உற்பத்தியான நாடு, அல்லது பூட்டிய நாடு ஆகியவற்றுள் ஒன்றைக் குறிக்க வேண்டும் என்கிறது அது. இந்த இரண்டு ‘அல்லது’களின்மேல்தான் என் மனக்குறை முழுவதும். மூன்றும் ஒரே நாடாக இருக்கும்வரை வில்லங்கம் இல்லை. வெவ்வேறாக இருக்கும்போது, மூன்றில் எது தனக்கு அனுகூலமோ அதைச் சொல்லி நிறுத்திக்கொள்ள வியாபாரிக்கு வழி திறந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலிருந்து வெளிவரும் ஆப்பிள் கைப்பேசியின் பெட்டியில், கலிஃபோர்னியாவில் வடிவமைத்தது என்றும், இந்தியாவில் பூட்டியது என்றும் இரண்டையும் பிரித்தே அச்சிட்டிருக்கிறார்கள். வடிவம் தந்த ஊர் ஒன்று, உருவம் தந்த ஊர் ஒன்று என்று ஒளிவின்றிச் சொல்லும் இந்த முறை ஒரு நிறுவனத்தால் முடியுமென்றால் மற்றவர்களாலும் முடியும். பூட்டுவது அற்பத் தொழில் என்று யாரும் இதனால் கருதிவிடக் கூடாது; காஞ்சி நெசவாளர் நூலைத் தாமே விளைவிக்காதது அவருக்குக் குறையாகாததுபோல, எட்டு மணி நேரம் நின்று கைப்பேசி பூட்டும் பெண்ணுக்கும் அது குறையாகாது. அவளுடைய உழைப்பு இன்னதென்று உள்ளபடி அச்சேற வேண்டும் என்பதே நான் வேண்டுவது.

காஞ்சிப் பட்டைச் சொன்னேன். அந்தப் பெயர் இணையத்தில் படும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். சில நூறு ரூபாய்க்குக் ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று பல பக்கங்கள் விளம்பரம் செய்கின்றன. விவரத்தைத் துருவிப் படித்தால் செயற்கை நூல் என்றும் விசைத்தறி என்றும் ஒரு மூலையில் இருக்கும். நாட்டின் பெயர் இந்தியா என்று சரியாகவே இருக்கும். ஊரின் பெயர்தான் திருடப்பட்டிருக்கும். பட்டு வாங்குவோர் சில்க் மார்க், கைத்தறி முத்திரை, புவிசார் குறியீடு ஆகிய மூன்றையும் பக்கத்திலேயே காட்டும்படி கேட்பது நல்லது. நூலுக்கு ஒன்று, தறிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று அவை.

மற்றச் சாமான்களுக்கும் சில அடையாளங்களைக் கவனித்துக்கொள்ளலாம். ‘மார்க்கெட்டட் பை’ என்றால் விற்பனை செய்பவர், ‘பேக்டு பை’ என்றால் பொட்டலம் கட்டியவர், ‘இம்போர்ட்டட் பை’ என்றால் இறக்குமதி செய்தவர். இவற்றுள் எதுவும் செய்தவரைக் குறிக்காது. பெரிய எழுத்தில் இந்திய நகரம் ஒன்றின் முகவரி இருப்பதைக் கண்டு பொருளும் அங்கே செய்ததுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பக்கத்தில் நாட்டின் பெயர் இல்லாவிட்டாலும், பக்கம் ஒன்று சொல்லப் பெட்டி வேறொன்று சொன்னாலும், அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கங்கள் இரவோடிரவாக மாறக்கூடியவை. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைத்து முறையிடலாம். நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தை நடத்துவது தொழிலாளர் துறை. அதன் முத்திரை ஆய்வாளர்களிடமும் புகார் கொடுக்கலாம்.

இறக்குமதிப் பொருள்களை நாடு வாரியாகத் தேடவும் பிரித்து அடுக்கவும் ஒரு வசதியை ஒவ்வொரு இணையக் கடையும் செய்து தர வேண்டும் என்ற வரைவு விதியை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025 நவம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இதே எண்ணம் 2021-இல் வந்த மற்றொரு வரைவிலும் இருந்து, சட்டமாகாமலே நின்றுபோயிற்று. விலை வாரியாகவும் நிறம் வாரியாகவும் இமைக்கும் நேரத்தில் பிரித்துக் காட்டத் தெரிந்த கடைகளுக்கு நாடு வாரியாகப் பிரித்துக் காட்டுவது பெரிய பிரயத்தனம் ஆகாது. ஆனால் அந்தச் சல்லடை, அதில் இடும் தானியத்தைப் பொறுத்தது. விற்பனையாளர் தாமே தட்டச்சுச் செய்யும் நாட்டுப் பெயரைச் சுங்கத் துறையிடம் உள்ள இறக்குமதிப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் யார் என்பதையும், மேற்சொன்ன இரண்டு ‘அல்லது’களையும் நீக்கிப் பூட்டிய நாட்டைத் தனியே காட்டுவது எப்போது என்பதையும் தீர்க்காமல் வசதியை மட்டும் செய்து கொடுத்தால், பொய்யும் வரிசையாக அடுக்கப்பட்டு அழகாகத் தெரியும்.

அந்தக் குக்கரை அந்தப் பெண் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாயை அழைத்துக்கொண்டு படப்பையில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் நாலைந்து பெட்டிகளை எடுத்து வைத்தார். தாயார் எந்தப் பெட்டியின் படத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, “இங்க என்னம்மா எழுதியிருக்கு, படி” என்று மகளிடம் நீட்டினார். மகள் செய்தவர் பெயர், ஊர், மாநிலம், பின்கோடு வரைக்கும் படித்தாள். மூன்றாவது பெட்டியைக் கேட்டு முடித்ததும், “இதுக்கு ரப்பரு உங்ககிட்டயே கெடைக்குமாண்ணா?” என்று கடைக்காரரைக் கேட்டார். அவர் பின்னாலிருந்த ஆணியிலிருந்து வளையம் ஒன்றை எடுத்துக் காட்டவே, தாயார் பில் போடச் சொன்னார்.